கருகிய விளிம்பு

பத்து மணிக்கு முன்பே வந்து கதவுக்கு நேர் எதிரே இருந்த மேசையைப் பிடித்துவிட்டேன், உள்ளே நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் என் கடிகாரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று. மூன்றடி உயரம், நான்கு அடுக்கு, உச்சியில் கூம்பு, மொத்தம் நாற்பத்திரண்டு துண்டுகள், எழுநூற்றுப் பதினாறு உள்வெட்டுகள். ஒவ்வொரு உள்வெட்டுக்கும் மரத்தில் ஒரு துளை போட வேண்டும், பிளேடின் மேல்முனையைக் கழற்றித் துளைக்குள் விட வேண்டும், மறுபடி மாட்டி இறுக்கி வெட்ட வேண்டும், மறுபடி கழற்ற வேண்டும். எழுநூற்றுப் பதினாறு தடவை. ஐந்து மாதம் இதைத்தான் செய்தேன், வத்சலா வந்து பார்த்துவிட்டு “இதுல மணி எங்கங்க தெரியுது?” என்று கேட்டாள், கேட்டுவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள், நான் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. பேசாததற்குக் காரணம் அவள் சொன்னது சரி என்பதுதான், அத்தனை பூவேலைக்கு நடுவில் அந்தச் சின்ன டயல் காணாமல்தான் போயிருந்தது, முப்பத்தோரு வருஷம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தவன் எனக்கு அது முதல் நாளே தெரியாமலா இருக்கும், தெரிந்தும் மேலே மேலே வெட்டிக்கொண்டே போனேன். இப்போது உள்ளே வந்த மூன்று பேரும் நின்றார்கள், “சூப்பர் சார்” என்றார்கள், பக்கத்து வீட்டுக்காரர் புது பைக் வாங்கினால் சொல்கிற அதே சூப்பர், நகர்ந்துவிட்டார்கள். எங்கே போகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலேயே எனக்குத் தெரியும். ஜன்னலோரத்து மேசைக்கு. அங்கே ஒன்றுமே இல்லை, ஜெசிந்தா மேரி என்று எழுதிய சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது, அந்த அம்மா இன்னும் வரவேயில்லை, வெறும் மேசையைச் சுற்றி மூன்று பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், என் ஐந்து மாதத்தைத் தாண்டிப் போய் ஒரு காலி மேசையைப் பார்த்துக்கொண்டு.

மொத்தம் இருபத்தாறு பேர் நாங்கள். ஓசூரில் இப்படி இருபத்தாறு பேர் இருப்பார்கள் என்று முதலில் யாருமே நம்பவில்லை, மஞ்சுநாத்தான் வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தார், மாதத்தின் மூன்றாவது ஞாயிறு அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் ஹாலில் கூடுவோம், அவரவர் செய்ததைக் கொண்டுவந்து மேசையில் வைப்போம், பார்ப்போம், போட்டோ எடுப்போம், டீ குடிப்போம், போய்விடுவோம். நூல் மாதிரி மெல்லிசான ஒரு பிளேடு மேலும் கீழும் ஓடும், மரத்தைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஸ்க்ரோல் சா. குழுவுக்கு ஒரே ஒரு விதி, தன் கையால் வெட்டியதைத்தான் கொண்டுவர வேண்டும். அந்த விதியை மஞ்சுநாத் எழுதியபோது சேர்த்தே ஆகவேண்டும் என்று நின்றவன் நான். ஏன் நின்றேன், யார் அப்போது லேசர் மெஷினில் மரம் வெட்டுவதைப் பற்றிப் பேசினார்கள், யாரும் பேசவில்லை, ஆனால் விதி என்று ஒன்று இருந்தால்தான் எனக்கு உட்கார முடியும், கையில் அளவுகோல் இல்லாமல் ஒரு இடத்தில் எனக்கு நிற்கவே தெரியாது. அதோ வந்துவிட்டார். ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நீலச் சேலை, தோளில் துணிப்பை, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு அடக்கமாகக் கை கட்டி வருகிற மாதிரி இருக்கும், எனக்கு மட்டும் தெரியும் அது அடக்கம் இல்லை என்று. “வணக்கம் கிருபா சார், கடிகாரம் முடிச்சிட்டீங்களா! ஐயோ, எத்தனை நாள் ஆச்சு?” நின்றார். இருபத்தாறு பேரில் அவர் ஒருவர்தான் குனிந்து, ஒவ்வொரு அடுக்காகப் பார்த்து, மூன்றாவது அடுக்கில் ஒரு கொடி மற்றதைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருப்பதைக் கண்டு, சொல்லாமல், அதைத் தாண்டிப் பக்கத்துக் கொடியைப் பாராட்டினார். “இந்த வளைவு எப்படி சார் வந்துது?” கண்டுவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார் என்பதும். அதை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட அத்தனை எரிந்திருக்காது.

பையிலிருந்து எடுத்தது தூக்கணாங்குருவிக் கூடு. ஒரு சாண் உயரம்தான். மூன்று பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு வைத்திருந்தார், முன்பலகையில் நார்நாராக வெட்டு, நடுப்பலகையில் பாதி தலை நீட்டுகிற குருவி, பின்பலகையில் காற்றில் சாய்ந்த ஈச்சங்கீற்று. பார்க்கிற கோணம் மாறினால் குருவி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஹாலில் இருந்த சத்தம் அப்படியே அந்த மூலைக்கு நகர்ந்தது. ஷாகுல் செல்போனை எடுத்து வீடியோ பிடித்தான், மஞ்சுநாத் “மேடம், மேடம்” என்பதைத் தவிர வேறு வார்த்தை வராமல் நின்றார். வரைந்தது அவர்தான், அதில் சந்தேகமே இல்லை, அப்படி வரைய எங்களில் யாருக்கும் கை கிடையாது. வெட்டியதுதான் வேறே. ஜூன் மாதக் கூட்டத்தில் அவர் கொண்டுவந்த மீன்கொத்தியை நான் மூக்கருகே கொண்டுபோனேன், பழக்கம்தான், எதையும் மோந்து பார்க்கிற பழக்கம், லேசாக ஒரு கருகல் வாசனை. பக்கவாட்டைச் சாய்த்துப் பார்த்தேன். பிளேடு வெட்டினால் விளிம்பு வெளுப்பாக இருக்கும், அடியில் சன்னமாக நார் பிய்ந்திருக்கும். இது பழுப்பு, லேசர் சுட்டு வெட்டிய பழுப்பு. மேலே சாயம் பூசி மறைத்திருந்தார், ஒரே ஒரு மூலையில் சாயம் எட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார், மீன்கொத்தியை மேசையில் திருப்பி வைத்தேன். அன்று சாயங்காலமே போன் வந்தது. “சார், நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரியும். மே மாசத்துலருந்து வலது கை நடுங்குது. நரம்பு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு, போகப் போகப் பார்க்கலாம்னு சொல்றாரு. பலகையை அழுத்திப் பிடிக்க முடியல. நான் வரைஞ்சு குடுத்து லேசர் கடையில வெட்டிட்டு வரேன், கை சரியாகற வரைக்கும். தப்புதான். ஆனா வெறுங்கையோட அங்க வர மனசு வரல சார். மாமியார் படுக்கையில இருக்காங்க, மூணாவது ஞாயிறு மட்டும் நாத்தனார் வந்து நாலு மணி நேரம் பார்த்துக்கறாங்க. எனக்குன்னு இருக்கறது அந்த நாலு மணி நேரம்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” “சொல்லமாட்டேன் மேடம்” என்றேன். “நீங்க உடம்பைப் பாருங்க” என்றேன். போனை வைத்த பிறகு நெஞ்சுக்குக் கீழே ஒரு இளஞ்சூடு. நல்லது செய்த சூடு என்றுதான் அன்று நினைத்தேன்.

சொல்லவில்லை. ஜூலையில் சொல்லவில்லை, ஆகஸ்டில் சொல்லவில்லை, வத்சலாவிடம்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கும் நான் சொல்லவில்லை, இதை யார் எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம், என் வாயிலிருந்து லேசர் என்கிற சொல் வரவில்லை. ஆனால் அந்தச் சூட்டை எனக்கு முன்பே தெரியும், அதை வேறு ஒரு இடத்தில் அனுபவித்திருக்கிறேன், எங்கே, பரிசோதனை அறையில், பயிற்சிக்கு வந்த ஒரு பெண், பெயர் இப்போது நினைவில்லை, பேரிங் ஒன்றின் விட்டத்தைத் தப்பாகக் குறித்துவிட்டாள், ஒன்றே ஒன்று, அன்று அளந்த முப்பதையும் எல்லார் முன்னாலும் திரும்ப அளக்கச் சொன்னேன், ஒவ்வொரு அளவையும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். பதினெட்டாவதில் குரல் உடைந்தது. “சத்தமா” என்றேன். அப்போதும் முகத்தில் ஒரு கோபம் இல்லை எனக்கு, பொறுமையாகத்தான் நின்றேன், நெஞ்சுக்குக் கீழே கதகதவென்று இருந்தது, மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு “கிருபாகரன் மாதிரி ஒருத்தர் போதும் இந்த டிபார்ட்மென்டுக்கு” என்றார். அவள் அடுத்த வாரம் வரவில்லை. ஏன் அதை இப்போது நினைக்கிறேன், கடிகாரத்தின் அருகே நின்றுகொண்டு, யாருமே வராத என் மேசையருகே நின்றுகொண்டு. ஒருவர் வந்தார். டீ கப்பை எங்கே போடுவது என்று கேட்டார்.

ஹாலின் நடுவில் மஞ்சுநாத் ஒரு புது மெஷினை வைத்திருந்தார், குழுவுக்காக எல்லாரும் சேர்ந்து வாங்கியது, இன்றைக்குத்தான் முதல் ஓட்டம். பதினொன்றரைக்கு எல்லாரையும் கூப்பிட்டார். யாராவது ஒருவர் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும், பலகையில் ஒரு அரச இலைப் படத்தை ஒட்டித் தயாராக வைத்திருந்தார். “கிருபா சார், சீனியர் நீங்கதான், நீங்களே ஆரம்பிச்சு வைங்க.” அந்த நேரத்தில் நான் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். ஐந்து நிமிஷத்தில் இலையை வெட்டியிருப்பேன், கை தட்டியிருப்பார்கள், வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டிருப்பேன். வாயைத் திறந்தபோதுகூட “சரி” என்றுதான் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன், சத்தியமாக. “நான் எதுக்கு மஞ்சுநாத்? இந்த மாசம் எல்லாரையும் தூக்கி அடிச்சது ஜெசிந்தா மேடம்தானே. அவங்க கையால ஆரம்பிக்கட்டும்.” கையால என்ற சொல்லில் நான் அழுத்தம் கொடுத்தேனா? கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதுதான் தப்பு. இயல்பாகச் சொன்னேன், சிரித்துக்கொண்டு, பாராட்டாக. எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டலுக்கு நடுவில் அவர் முகம் என் பக்கம் திரும்பியது, கோபமாக இல்லை, எதையோ மறந்துவிட்ட ஆளுக்கு நினைவூட்டுகிற மாதிரி, சார், நான் உங்ககிட்ட சொன்னேனே என்கிற மாதிரி. “வேண்டாம் சார், இன்னிக்கு எனக்கு… வேற யாராவது…” “கூச்சப்படறாங்க” என்றேன். அது இரண்டாவது. முதலாவதை வாய் தவறியது என்று சொல்லலாம், யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன், இரண்டாவதை என்னவென்று சொல்வது? ஷாகுல் நாற்காலியை இழுத்துப் போட்டான். யாரோ அவர் தோளிலிருந்து பையை அன்பாக வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள்.

உட்கார்ந்தார். இடது கையை மணிக்கட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது, எடுத்ததும் வலது கை தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது, பலகையின்மேல் வைத்ததும் கொஞ்சம் நின்றது, எனக்கு ஒரு கணம் பயம், நன்றாக வெட்டிவிடுவாரோ. அதைத்தான் பயந்தேன். அவருக்கு அடிபடுமோ என்று இல்லை. மஞ்சுநாத் சுவிட்சைப் போட்டார். பலகையை அழுத்திப் பிடிக்காவிட்டால் பிளேடு மேலே போகும்போது மரத்தையும் கூடத் தூக்கும், தூக்கி மேசையில் அடிக்கும், எங்கள் எல்லாருக்கும் ஆரம்பத்தில் நடந்ததுதான், தடதடதட என்று அந்தச் சத்தம் ஹாலெல்லாம் கேட்டது. “புது மெஷின்ல வைப்ரேஷன் இருக்கும்” என்றார் மஞ்சுநாத். பிளேடு பட்டென்று அறுந்தது. வேறு மாட்டினார்கள். மறுபடி உட்கார்ந்தார், எழுந்து போயிருக்கலாம், ஏன் போகவில்லை அந்த அம்மா, கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, நானே சொல்லிக்கொடுத்துவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை. இலையின் காம்பிலிருந்து பிளேடு விலகி, கோட்டுக்கு வெளியே போய், திரும்பி, உள்ளே புகுந்து, நடுவில் கிழித்தது. சுற்றி நின்றவர்களுடைய முகங்களைப் பார்த்தேன், முதலில் சிரிப்பு, அப்புறம் சிரிப்பு அப்படியே மாட்டிக்கொண்டு நிற்பது, அப்புறம் ஒருவரை ஒருவர் பார்ப்பது. ஷாகுல் வீடியோவை நிறுத்திவிட்டான். நல்ல பையன். நிறுத்திவிட்டானே என்று எனக்கு இருந்தது. அந்த இளஞ்சூடு வந்துவிட்டது, நெஞ்சுக்குக் கீழே, பால் குடித்த மாதிரி. இரண்டாவது பிளேடும் அறுந்தது. ஜெசிந்தாவே கை நீட்டி சுவிட்சை அணைத்தார். இரண்டு தடவை தவறி மூன்றாவதில் விரல் சுவிட்சில் பட்டது.

யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், உட்கார்ந்தபடியே, இலையைப் பார்த்துக்கொண்டு. “அந்தக் கூடு நான் வெட்டலைங்க. வரைஞ்சது நான். லேசர் கடையில வெட்டினது. நாலு மாசமா அப்படித்தான். கை இப்படி ஆயிடுச்சு.” பின்வரிசையில் ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகக் கேட்டார், “அப்ப போன வருஷம் கொண்டுவந்ததெல்லாம்?” அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எல்லாருக்கும் வந்த சந்தேகம்தான். “அது நானே வெட்டினதுங்க” என்றார் ஜெசிந்தா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். போன வருஷத்து வேலைகளை அடிப்பக்கம் திருப்பி நார் பிய்ந்திருப்பதை என் கண்ணால் பார்த்தவன் நான், அதை என்னைவிட உறுதியாகச் சொல்ல அந்த ஹாலில் ஆள் கிடையாது, “ஆமாம், அதெல்லாம் கைவேலைதான், நான் பார்த்திருக்கேன்” என்று ஒரு வரி. நாக்கு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. போன வருஷம் அவர் செய்த மயில்தான் குழுவின் முகப்புப் படமாக இன்னும் இருக்கிறது, அது ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டேன். மஞ்சுநாத் அருகில் போய்க் குனிந்து, “சொல்லியிருந்தா என்ன மேடம்? கை முடியலைன்னா வரைஞ்சதை மட்டும் கொண்டுவந்திருக்கலாமே. நாங்க யாராவது வெட்டிக் குடுத்திருக்க மாட்டோமா?” என்றார். தலைகள் ஆடின. ஆமாம் ஆமாம் என்றார்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஜூன் மாதம் போனில் நான் அதைச் சொல்லியிருக்கலாம், மேடம், நீங்க வரைங்க, நான் வெட்டறேன் என்று, ஒரு வரிதான், அந்தக் கூட்டை நான் வெட்டியிருந்தால் எத்தனை வெட்டு இருக்கும், இருநூறு, இருநூற்றைம்பது, என் வாழ்நாளில் வெட்டிய எதையும்விட அது நன்றாக வந்திருக்கும். ஜெசிந்தா எழுந்தார். “சொல்லியிருக்கணும் சார். கேட்கத் தோணல” என்றார். அவர்கள் மன்னித்ததுதான் அவரைத் தரையோடு தரையாக ஆக்கியது என்று நினைக்கிறேன். கூட்டைத் துணிப்பையில் போடும்போது பின்பலகையின் கீற்று ஒன்று ஒடிந்தது. அவர் கவனிக்கவில்லை.

நான்தான் கூடப் போனேன். யாராவது போகவேண்டும் இல்லையா, வழியனுப்ப ஆள் இல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும். கேட்டருகே ஆட்டோவுக்காக நின்றோம், வெயில் சாம்பல் நிறத்தில் இருந்தது, வாட்ச்மேன் ரேடியோவில் ஏதோ விளம்பரம். இப்போது கேட்பார். ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க என்று கேட்பார், அதற்குப் பதில் தயார் செய்தேன், எனக்கு ஞாபகமே இல்லை மேடம், வேலை ஞாபகத்துல வாய்ல வந்துடுச்சு, கை இந்நேரம் சரியாயிருக்கும்னு நினைச்சேன், மூன்று பதில்கள், மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன், எது ஒட்டும் என்று. “சார், மன்னிச்சுக்கங்க” என்றார் ஜெசிந்தா. எனக்குப் புரியவில்லை. “உங்களை நான் சங்கடத்துல மாட்டிவிட்டுட்டேன். தெரிஞ்சும் சொல்ல முடியாம நாலு மாசம் நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க. இன்னிக்கு நீங்க என்னை முன்னால நிறுத்தினதே நான் தைரியமா ஓட்டிப் பார்க்கணும்னுதான், அது எனக்குப் புரிஞ்சுது. நான்தான் சொதப்பிட்டேன்.” நிஜமாகத்தான் சொன்னார். முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு குத்தல், ஒரு ஏளனம், எங்காவது சின்னதாக, எந்தப் பொருளிலும் ஒரு குறையாவது எனக்குக் கிடைத்துவிடும், அதில் கிடைக்கவில்லை. சொல்லிவிடலாம். இப்போதே சொன்னால் இந்தம்மா என்னைத் திட்டுவார், திட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் தன்னைத் திட்டிக்கொள்ளமாட்டார், அவ்வளவுதான் நான் கொடுக்க வேண்டியது, ஒரு எதிரி. “பரவாயில்ல மேடம்” என்றேன். மன்னித்தேன். என் வாயால், அவரை, நான். “அடுத்த மாசம் கண்டிப்பா வாங்க.” “பார்க்கலாம் சார். நாத்தனார்கிட்ட இனிமே சிரமப்பட வேண்டாம்னு சொல்லிடறேன்.” ஆட்டோ வந்தது. ஏறும்போது கம்பியைப் பிடிக்க வந்த கை இரண்டு தடவை காற்றைப் பிடித்தது, நான் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டேன், அந்த நடுக்கம் என் உள்ளங்கைக்குள் வந்து துடித்தது. என் கையை நான் பேண்டில் துடைத்தேன், ஆட்டோ திரும்பும் வரைக்கும்கூடக் காத்திராமல்.

ஹாலுக்குத் திரும்பியபோது ஜன்னலோரத்து மேசையில் யாரோ டீ கப்புகளை அடுக்கியிருந்தார்கள். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, பாவம் என்றார் ஒருவர், பாவம்தான் ஆனாலும் என்றார் இன்னொருவர், அந்த மயில் படத்தை எடுத்துவிடலாமா என்று மஞ்சுநாத் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். “கிருபா சார், ஒண்ணு கேட்கணும். நீங்க எதையும் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு நூல் விலகினாக்கூடச் சொல்ற ஆளு. உங்களுக்கு நாலு மாசமா இது தெரியவே இல்லையா?” எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இருபது பேராவது இருப்பார்கள். தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை என்பார்கள், ஏன் அவரை மெஷினில் உட்கார வைத்தாய் என்பார்கள், அதிலிருந்து ஒவ்வொன்றாக வந்துவிடும், மஞ்சுநாத் கெட்டிக்காரர், இப்போதே அவர் கண்ணில் என்னவோ ஒன்று தொக்கி நிற்கிறது. தெரியாது என்றால் என் கண்ணுக்குக் கேவலம், முப்பத்தோரு வருஷக் கண்ணுக்கு. இரண்டில் எது என்று யோசித்த மாதிரிகூட ஞாபகமில்லை. “தெரியல மஞ்சுநாத்” என்றேன். அது போதாது என்று பட்டது, தலையை ஆட்டிச் சிரித்தேன். “என்னையே ஏமாத்திட்டாங்கன்னா பாருங்களேன்.” யாரோ சிரித்தார்கள், இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள், இறுக்கம் தளர்ந்து கூட்டம் கலைந்தது. கலைந்தவர்களுக்குப் போக வேறு மேசை இல்லை. வந்தார்கள். ஒருவர் இருவராக வந்து என் கடிகாரத்தைச் சுற்றி நின்றார்கள், ஷாகுல் குனிந்து முதல் அடுக்கைப் பார்த்தான், “சார், இது நிஜமாவே முழுக்கக் கையால வெட்டினதுதானே?” என்று கேட்டான், விளையாட்டாகத்தான் கேட்டான். “எடுத்துப் பாருப்பா, விளிம்பைப் பாரு” என்றேன். உச்சிக் கூம்பைக் கழற்றி எடுத்தான். இருபது பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி, திருப்பி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்கள், நான் பக்கத்தில் நின்று, அடிப்பலகையிலிருந்து ஆரம்பித்து, எத்தனை துளை, எத்தனை நாள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.